லோடு வண்டிக்கு மட்டும் எடை காட்டாத கம்ப்யூட்டர்

"தம்பி, மவுஸைத் தொடவே இல்லீங்க. அது பாட்டுக்கு ஓடுது. ஏதேதோ திறக்குது, மூடுது. கொஞ்சம் வந்து பாருங்க."

எடை மேடைக்கார ஐயா போன் செய்தபோது இரவு மணி எட்டு. காங்கேயத்தை அடுத்து அவருக்கு அறுபது டன் எடை மேடை ஒன்று இருக்கிறது. பகலில் தேங்காய், தேங்காய்ப் பருப்பு, நெல் வண்டிகள். பொழுது சாய்ந்தால் அரிசி லோடு. பழைய கம்ப்யூட்டரின் போர்டில் கெப்பாசிட்டர்கள் ஊதிப்போய் அது நின்றுவிட, புதிதாக ஒன்று வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளும் சீட்டைக் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கையெழுத்துச் சீட்டு என்றால் வெளியாட்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். களத்துக்காரரும் மில்லுக்காரரும் அந்தச் சீட்டை வைத்துத்தான் பணம் பேசுகிறார்கள். லோடோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. பத்துக் கிலோ மாறினாலும் யாரோ ஒருவர் கைக்காசு போகிறது. மில்லில் அச்சடித்த சீட்டைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான்.

இந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மேடைக்கு அடியில் பாரத்தை உணரும் லோடு செல்கள் இருக்கும். அவற்றின் கேபிள்கள் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்ந்து, அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டர் பெட்டிக்கு வரும். சிவப்பு எண்களில் எடை காட்டுவது அந்தப் பெட்டிதான். அதன் பின்புறத்தில் உள்ள ஒன்பது பின் கனெக்டர் வழியாக அது நொடிக்குப் பல முறை எடையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கே ஓடும் மென்பொருள் அந்த எண்ணைப் பிடித்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டாக அடிக்கும். அந்த ஒன்பது பின் வழிதான் சீரியல் போர்ட். ஆர்எஸ்-232 என்ற இந்தத் தரம் 1960-இல் வந்தது. இன்று வாங்கும் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட் பெரும்பாலும் இருக்காது. யூஎஸ்பி துளையில் ஒரு கன்வர்ட்டரை மாட்டித்தான் அதைப் பெற வேண்டும், இங்கேயும் அப்படித்தான். ஆனால் எடை மேடை, ஆய்வுக்கூடக் கருவி, பழைய லேத் மெஷின் எல்லாம் இன்னும் அதில்தான் பேசுகின்றன.

போனதும் கேபிளைத் தொடவில்லை. முதலில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஒரு முனையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் திருகாணியிலும் மறு முனையை இண்டிகேட்டரின் இரும்பு உடம்பிலும் வைத்தேன். 87 வோல்ட் காட்டியது. நான் பயந்தது சரிதான். கம்ப்யூட்டர் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எர்த் கம்பி உள்ளேயே அறுந்து கிடந்தது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் உடம்பு பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். கை வைத்தால் சுருக்கென்று லேசாக இழுக்கும், அவ்வளவுதான். சீரியல் கேபிளை மாட்டினாலோ, அந்தக் கசிவுக்கு எர்த் போகக் கிடைக்கும் ஒரே வழி கேபிளின் ஐந்தாம் பின். போர்ட்டுக்குள் இருக்கும் சிப் இதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. "போர்ட் அடிக்கடி போயிடுதுங்க" என்று சொல்லும் இடங்களில் பலமுறை இந்த எர்த்தைத்தான் கண்டிருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் அடுத்த தெருதான். எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரையும் இண்டிகேட்டரையும் எர்த் உள்ள ஒரே ஸ்விட்ச் போர்டில் மாட்டினோம். மறுபடி அளந்தால் அரை வோல்ட்டுக்கும் கீழே. அதன் பிறகுதான் மவுஸைப் பார்க்க உட்கார்ந்தேன்.

மவுஸ் உண்மையிலேயே தானாக ஓடியது. அம்பு மூலைக்குத் தாவும், எதையாவது அழுத்தும், திரும்ப வரும். வைரஸ் என்று சொல்லி, கடையில் விண்டோஸையே மாற்றிப் போடப் பார்த்தார்களாம். நல்ல வேளை, அதற்குள் கூப்பிட்டார்கள். இண்டிகேட்டரின் சீரியல் கேபிளைக் கழற்றினேன், அம்பு அசையாமல் நின்றது. மாட்டினேன், மறுபடி ஆடியது. கம்ப்யூட்டரில் மாட்டிய சாதனங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பட்டியலைத் திறந்தால் இரண்டு மவுஸ்கள். ஒன்று நிஜம். இன்னொன்றின் பெயர் 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்'.

யூஎஸ்பி வருவதற்கு முன்னால் பல மவுஸ்கள் சீரியல் போர்ட்டில்தான் மாட்டப்பட்டன. கம்ப்யூட்டர் கிளம்பும்போது விண்டோஸ் ஒவ்வொரு சீரியல் போர்ட்டிலும் சில கம்பிகளின் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, எதிர்முனையில் மவுஸ் இருக்கிறதா என்று கேட்கும். சீரியல் மவுஸ் இருந்தால் ஓர் எழுத்தை அனுப்பித் தன்னை அறிவிக்கும். அந்த வழக்கம் இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. நம் இண்டிகேட்டரோ யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் கேட்ட அந்த நொடியில் வந்த பைட்டுகளை அது மவுஸின் பதில் என்று எடுத்துக்கொண்டது. பிறகு வரும் ஒவ்வொரு எடையும் அதற்கு மவுஸ் நகர்வு. போர்ட்டை மவுஸ் டிரைவர், அதாவது மவுஸை இயக்கும் மென்பொருள், பிடித்துக்கொண்டதால் எடை மென்பொருளுக்கு இடமும் இல்லை. ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் திறக்க முடியும்.

அந்தப் பெயரின்மேல் வலது சொடுக்கில் 'டிசேபிள்' கொடுத்தேன். 'அன்இன்ஸ்டால்' கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த முறை கம்ப்யூட்டர் கிளம்பும்போது புதிதாகக் கண்டுபிடித்து மறுபடி சேர்த்துக்கொள்ளும். டிசேபிள் செய்தால் பெயர் பட்டியலில் இருக்கும், வேலை செய்யாது. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். அம்பு அசையவில்லை. மென்பொருளில் போர்ட் திறந்தது, எடைக் கட்டத்தில் பூஜ்யம் வந்து நின்றது. மேடையில் அப்போது வண்டி ஏதும் இல்லை. பூஜ்யம் வருகிறதென்றால் தகவல் வருகிறது என்று முடிவு செய்து ஒன்பதரைக்குக் கிளம்பினேன். அந்தப் பூஜ்யத்தை நம்பியது தவறு என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன். போர்ட்டே காணவில்லை. போய்ப் பார்த்தால் கன்வர்ட்டரின் பெயருக்கு மேல் மஞ்சள் முக்கோணம், 'சாதனத்தைத் தொடங்க முடியவில்லை, குறியீடு 10'. இரவில் விண்டோஸ் தன்னை அப்டேட் செய்துகொண்டிருக்கிறது. அப்போது கன்வர்ட்டரின் டிரைவரும் புதிதாக இறங்கியிருக்கிறது. கம்ப்யூட்டரோடு கொடுத்த கன்வர்ட்டரின் உள்ளே இருந்தது ஒரு பெயர்பெற்ற சிப்பின் போலி. பழைய டிரைவர் அதைக் கண்டுகொள்ளவில்லை, புதியது ஏற்க மறுத்தது. டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பி ஓட்டலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அடுத்த அப்டேட்டில் அதே கதை. இரவும் பகலும் வண்டி நிற்கும் இடத்தில் அந்த வைத்தியத்தை வைத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

போலிச் சிப்பும் டிரைவரும் மோதுவது புதிதல்ல. 2014-இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த, எஃப்டிடிஐ என்ற சிப் நிறுவனத்தின் டிரைவர், போலிச் சிப்களுக்குள் இருந்த அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றி எழுதியது. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அந்தச் சிப்பை அடையாளம் தெரியாது. எதிர்ப்பு கிளம்பிய பின் அந்த டிரைவர் விலக்கிக்கொள்ளப்பட்டது. போலி செய்பவர்கள்மேல் அந்த நிறுவனத்துக்கு இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடி விழுந்தது, போலி என்றே தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர் தலையில். இந்த எடை மேடைக்காரரும் அப்படி வாங்கியவர்தான்.

யூஎஸ்பி கன்வர்ட்டரே வேண்டாம் என்று மதர்போர்டிலேயே வழி இருக்கிறதா என்றும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பல மதர்போர்டுகளில் பின்புறத்தில் போர்ட் இல்லாவிட்டாலும் உள்ளே இரண்டு வரிசையாக ஒன்பது ஊசிகள் நிற்கும், அருகில் 'காம்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு சிறிய பட்டைக் கேபிள் வாங்கி மாட்டினால் அசல் சீரியல் போர்ட் கிடைத்துவிடும். அந்தப் பட்டைக் கேபிளில் இரண்டு விதம் உண்டு, கம்பி வரிசை வேறுவேறு. மாற்றி வாங்கினால் போர்ட் செத்துக் கிடப்பது போலவே தோன்றும். இந்தப் போர்டில் அந்த ஊசிகளும் இல்லை.

என்னிடம் இருந்த அசல் எஃப்டிடிஐ கன்வர்ட்டரை மாட்டினேன். டிரைவர் ஏறியது, 'காம்7' என்று எண் கிடைத்தது. எடை மென்பொருளின் பட்டியலிலோ காம்1 முதல் காம்4 வரைதான். பழைய மென்பொருள்களில் இது சகஜம். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் எண்ணை மாற்றலாம். காம்3, காம்4 இரண்டுக்கும் பக்கத்தில் 'பயன்பாட்டில்' என்று எழுதியிருந்தது. யாரும் பயன்படுத்தவில்லை. நான்கு நாளாகக் கன்வர்ட்டர்களை மாற்றி மாற்றி வெவ்வேறு யூஎஸ்பி துளைகளில் மாட்டியதில், ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஒரு எண்ணை ஒதுக்கி, சாதனத்தைக் கழற்றிய பிறகும் விடாமல் வைத்திருந்தது. 'மறைந்த சாதனங்களைக் காட்டு' என்பதைத் தேர்ந்தால் மங்கலாக அவை எல்லாம் தெரியும். ஒவ்வொன்றாக நீக்கி, நம் போர்ட்டைக் காம்3 ஆக்கினேன்.

அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் எஃப்டிடிஐ டிரைவர் தரும் ஒரு வசதியை எடை மேடைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'சீரியல் எனுமரேட்டர்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸ் அந்தப் போர்ட்டில் மவுஸைத் தேடுவதையே நிறுத்திவிடும். முந்தைய இரவு மவுஸை டிசேபிள் செய்தது பழைய கன்வர்ட்டருக்கு மட்டும்தான் செல்லும். கன்வர்ட்டர் மாறினால் மவுஸ் திரும்பி வந்திருக்கும். இந்த வசதி இல்லாத டிரைவர் என்றால், விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதியில் 'செர்மவுஸ்' என்பதன் 'ஸ்டார்ட்' மதிப்பை 3-இலிருந்து 4-ஆக மாற்றுவது இன்னொரு வழி. சீரியல் மவுஸ் டிரைவரே கிளம்பாது. மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் யூஎஸ்பி துளையை அணைப்பதையும் நிறுத்தினேன். இரவில் ஒரு மணி நேரம் வண்டி வராவிட்டால் போர்ட் தூங்கிப்போவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

எடைக் கட்டத்தில் பூஜ்யம். ஒரு காலி லாரி ஏறியது. இண்டிகேட்டரில் 9,650. கம்ப்யூட்டரிலும் 9,650. ஐயா முகத்தில் நான்கு நாள் கழித்து வந்த சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மதியமே மறுபடி போன். "தம்பி, காலி வண்டிக்கு வருதுங்க. லோடு வண்டி ஏறுனா மட்டும் கட்டத்துல கோடு கோடா நிக்குது." லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். லோடு ஏறினால் மேடை அமுங்குகிறது, கேபிள் நசுங்குகிறது என்று ஒருவர். பாரத்தில் கம்ப்யூட்டர் அதிர்கிறது என்று ஒருவர். அன்று வேறு வேலையில் மாட்டிக்கொண்டு அடுத்த நாள்தான் போக முடிந்தது.

கேபிள் நசுங்கும் வாதத்தை உடனே தள்ளிவிடலாம். மேடைக்கு அடியில் போவது லோடு செல் கேபிள். அதில் கோளாறு என்றால் இண்டிகேட்டரிலேயே எடை தப்பாக வரும். சிவப்பு எண்கள் சரியாக இருந்தன. சீரியல் கேபிள் மேசைக்குப் பின்னால் இரண்டு மீட்டர்தான். ஆனால் லோடுக்கும் கோளாறுக்கும் தொடர்பு இருப்பது கண்ணால் பார்க்கிற உண்மை. அதை மறுக்க எனக்கும் முடியவில்லை.

முதலில் கம்பியைச் சோதித்தேன். சீரியல் கம்பியில் பேச்சில்லாதபோது அனுப்பும் பின் எதிர்மறை மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும். இந்தத் தரத்தில் கழித்தல் மூன்று முதல் கழித்தல் பதினைந்து வோல்ட் வரை 'ஒன்று', கூட்டல் மூன்று முதல் கூட்டல் பதினைந்து வரை 'சுழி'. கேபிளைக் கம்ப்யூட்டர் பக்கம் கழற்றி, ஐந்தாம் பின்னுக்கும் இரண்டாம் பின்னுக்கும் நடுவில் டிசியில் அளந்தேன். கழித்தல் எட்டுக்கும் கழித்தல் ஐந்துக்கும் இடையே முள் ஆடியது, தகவல் ஓடிக்கொண்டிருப்பதால். மூன்றாம் பின்னில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கன்வர்ட்டர் பக்கம் மூன்றாம் பின்னில் எதிர்மறை. ஆக, இண்டிகேட்டர் இரண்டில் பேசுகிறது, கம்ப்யூட்டர் இரண்டில் கேட்கிறது. கம்பி சரி. இரண்டு பக்கமும் ஒரே பின்னில் எதிர்மறை வந்திருந்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசுகிறார்கள், குறுக்குக் கேபிள் வேண்டும் என்று பொருள். சிலர் கேபிளைத் திருப்பித் திருப்பி மாட்டி நாள் கழிப்பார்கள். மீட்டர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

அடுத்து லூப்பேக், அனுப்பியதைத் தானே திரும்பக் கேட்கும் சோதனை. கன்வர்ட்டரின் இரண்டையும் மூன்றையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டு, டெர்மினல் நிரலில் ஃப்ளோ கன்ட்ரோலை 'இல்லை' என்று வைத்து எழுத்துகளைத் தட்டினேன். தட்டியதெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. டிரைவர், சிப், போர்ட் எண் மூன்றும் சரி. இந்தச் சோதனை எனக்குப் பிடிக்கும், ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. அனுப்புவதும் கேட்பதும் ஒரே போர்ட் என்பதால், வேகமும், பிழை கண்டுபிடிக்க வைக்கும் பாரிட்டி என்ற அமைப்பும் எதிர்முனையோடு பொருந்துகிறதா என்று இது சொல்லாது. தப்பான அமைப்பிலும் லூப்பேக் ஜோராகத் தேறும்.

இவ்வளவும் சரியாக இருந்து, எடை வரவில்லை. அப்போதுதான் பில் போடும் பெண், "அண்ணா, எதுக்கும் இருக்கட்டும்னு எழுதி வெச்சிருக்கேன்" என்று ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார். இரண்டு நாளாக ஏறிய ஒவ்வொரு வண்டியின் எடையையும் இண்டிகேட்டரைப் பார்த்து எழுதி, கம்ப்யூட்டரில் வந்ததற்கு டிக், வராததற்குப் பெருக்கல் குறி போட்டிருந்தார். யாரும் சொல்லாமலே செய்த வேலை. இந்தப் பழுதைப் பாதிக்கு மேல் தீர்த்தது அந்த நோட்டுதான்.

டிக் போட்டவை: 9,650. 6,390. 5,930. பிறகு ஒரு டிரெய்லர், முழு லோடு, 30,560. அதற்கும் டிக்! பெருக்கல் குறி போட்டவை நிறைய: 24,180. 16,350. 10,360. 9,710. நடுவில் ஒரு காலி டெம்போ, வெறும் 2,480, அதற்கும் பெருக்கல் குறி.

முப்பது டன் லோடு வந்திருக்கிறது, இரண்டரை டன் காலி வண்டி வரவில்லை. அப்படியென்றால் பாரம் காரணமல்ல. எண்களையே உற்றுப் பார்த்தேன். டிக் போட்ட எந்த எடையிலும் 1, 2, 4, 7, 8 என்ற இலக்கங்கள் இல்லை. பெருக்கல் குறி போட்ட ஒவ்வொன்றிலும் அவற்றில் ஒன்றாவது இருந்தது. நோட்டு முழுக்க விரலால் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூடத் தப்பவில்லை.

போர்ட்டில் வருவதை அப்படியே காட்டும் ரியல்டெர்ம் நிரலைத் திறந்து, எடை மென்பொருளை மூடிவிட்டு, வரும் பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணாகவே (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப்) காட்டச் சொன்னேன். மேடையில் அப்போது 24,180 கிலோ அரிசி லோடு ஒன்று நின்றது, டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். திரையில் திரும்பத் திரும்ப வந்தது இதுதான்: 2பி 30 பி2 பி4 பி1 பி8 30 8டி 0ஏ.

வர வேண்டியது கூட்டல் குறி, ஆறு இலக்கம், வரி முடிவுக்கு இரண்டு குறி. அதாவது 2பி 30 32 34 31 38 30 0டி 0ஏ. 2பி சரி, 30 சரி, கடைசி 0ஏ சரி. 32 வர வேண்டிய இடத்தில் பி2. 34-க்குப் பி4. சில பைட்டுகளில் மட்டும் சரியாக 128 கூடியிருக்கிறது. ஒரு பைட் என்பது ஒன்றும் சுழியுமான எட்டு பிட். அதில் எட்டாவது பிட் மட்டும் ஒன்றாகியிருக்கிறது.

பாரிட்டி!

கம்ப்யூட்டர் கணக்கில் '0' என்ற எழுத்து ஏழு பிட்டில் 0110000. அதில் ஒன்றுகள் இரண்டு. '1' என்பது 0110001, ஒன்றுகள் மூன்று. இரட்டைப் பாரிட்டி என்பது, வழியில் ஏதாவது பிட் கெட்டால் கண்டுபிடிக்க, ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி எட்டாவதாக ஒரு பிட்டைச் சேர்த்து அனுப்புவது. 0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படை. அவற்றோடு சேரும் பிட் சுழி. 1, 2, 4, 7, 8-இல் ஒற்றைப்படை. அவற்றோடு சேரும் பிட் ஒன்று. இண்டிகேட்டர் ஏழு பிட்டும் இரட்டைப் பாரிட்டியுமாக அனுப்புகிறது. கம்ப்யூட்டர் எட்டு பிட், பாரிட்டி இல்லை என்று கேட்கிறது. தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து இரண்டு முறையிலும் மொத்தம் பத்து பிட்தான் என்பதால் நேரக் கணக்கு துல்லியமாகப் பொருந்திவிடுகிறது, எந்தப் பிழைச் செய்தியும் எழாது. பாரிட்டி பிட்டைக் கம்ப்யூட்டர் எட்டாவது தகவல் பிட்டாக விழுங்கிவிடுகிறது. வேகம் தப்பாக இருந்தால் வருவது எல்லாமே குப்பையாக இருக்கும், உடனே தெரிந்துவிடும். பாரிட்டி தப்பானால் பாதி இலக்கம் ஒழுங்காக வந்து ஆளை ஏமாற்றும்.

காலி மேடையில் ஆறு பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பாரிட்டி எப்படியிருந்தாலும் கவலையில்லை. அதனால்தான் முதல் இரவே 'வேலை செய்கிறது' என்று கிளம்பினேன். லோடு வண்டிகள் வராத மர்மமும் விளங்கியது. இங்கே வரும் லோடு வண்டிகளில் பெரும்பாலானவை பத்து டன்னுக்கும் முப்பது டன்னுக்கும் இடையில். பத்தாயிரம் முதல் இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வரை எந்த எண்ணானாலும் முதல் இலக்கம் 1 அல்லது 2. இரண்டுமே கெடும் இலக்கங்கள். ஆகவே ஒரு லோடுகூடத் தேறாது. முப்பதாயிரத்தைத் தாண்டிய டிரெய்லருக்கும், ஐந்து, ஆறு, ஒன்பது டன் காலி வண்டிகளுக்கும்தான் வாய்ப்பு. டிரைவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யில்லை.

மென்பொருளின் போல்டரில் அமைப்புக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். '2400,என்,8,1' என்று இருந்தது. 'என்' என்றால் பாரிட்டி இல்லை, 'இ' என்றால் இரட்டைப் பாரிட்டி. அதை '2400,இ,7,1' என்று மாற்றிச் சேமித்தேன். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் பக்கத்திலும் வேகம், பாரிட்டி எல்லாம் மாற்றும் இடம் இருக்கிறது. கடையிலிருந்து வந்தவர் அங்கேதான் மாற்றிப் பார்த்திருக்கிறார். அதனால் பயன் இருக்காது. நிரல் போர்ட்டைத் திறக்கும்போது தன் கோப்பில் உள்ளதையே வைத்துக்கொள்ளும்.

இண்டிகேட்டர் பக்கத்தில் நான் எதையும் தொடவில்லை. அதில் முத்திரை வைத்திருக்கிறது. எடை மேடையைச் சரிபார்த்து முத்திரையிடுவது சட்டமுறை எடையளவு அதிகாரிகளின் வேலை. அந்த ஈயத்தை உடைத்தால் மறுமுத்திரை விழும்வரை மேடையில் வியாபாரம் செய்யக் கூடாது. கம்ப்யூட்டர்காரர்கள் சிலர் இண்டிகேட்டரைத் திறந்து அமைப்பை மாற்றப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மாற வேண்டியது கம்ப்யூட்டர்தான்.

மென்பொருளைத் திறந்ததும் கட்டத்தில் 24,180 நின்றது. காத்திருந்த டிரைவர்தான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டார். சீட்டு அடித்துக் கொடுத்தோம். அடுத்து நெல் லோடு, 17,240. ஒன்று, ஏழு, இரண்டு, நான்கு, கெட்டுப்போகக்கூடிய ஐந்தில் நான்கு ஒரே எடையில். அதுவும் அப்படியே வந்தது. அந்தப் பெண் நோட்டில் டிக் போட்டார்.

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். பழைய அமைப்புக் கோப்பு அதில் பத்திரமாக இருந்தது: '2400,இ,7,1'. புதிதாக மென்பொருள் ஏற்றியபோது அந்த ஒரு வரியை யாரும் எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் மாற்றும்போது டேட்டாபேஸை எடுக்கிறார்கள், சீட்டு வடிவத்தை எடுக்கிறார்கள், இந்த வரியை மறந்துவிடுகிறார்கள். இனிமேல் நான் பழைய டிஸ்க் உயிரோடு இருந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

வேகம் 2400, ஏழு பிட், இரட்டைப் பாரிட்டி, ஒரு ஸ்டாப் பிட், இரண்டாம் பின்னில் தகவல், ஐந்து கிரவுண்ட், காம்3, எனுமரேட்டர் டிக் வேண்டாம். இதை அந்தப் பெண்ணே அழகான கையெழுத்தில் எழுதி, மேல் டேப் ஒட்டி, மேசை டிராயரின் உட்பக்கம் வைத்தார். என்னிடமும் ஒரு படம் இருக்கிறது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. திறந்த வெளியில் இரும்பு மேடை, அதிலிருந்து அறைக்குள் வரும் கேபிள். கோடை மழையில் இடி விழுந்தால் அந்த வழியாகத்தான் இண்டிகேட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் பாயும். இரண்டுக்கும் நடுவில் ஒளி வழியாக மட்டும் தகவலைக் கடத்தும் ஐசோலேட்டர் ஒன்று போட ஐயா ஒத்துக்கொண்டார். வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரை பிறப்பதற்குள் மாட்டிவிட வேண்டும்.